ஞாயிறு நாலு மணிக் காட்சி ஹவுஸ்ஃபுல்

யாரோ எடுத்த படத்துக்கு எத்தனை பேர் வருவார்கள் என்று உட்கார்ந்து கணக்குப் போடுவது ஒரு வியாதி. எனக்கு அது முற்றிய நிலையில் இருக்கிறது. குடிப்பவர்களையாவது வீட்டில் யாராவது திட்டுவார்கள், திருந்த வழி உண்டு. இந்த வியாதிக்காரியைப் பார்த்து எல்லோரும் "அட, எப்படிச் சரியாச் சொல்றீங்க?" என்று ஆச்சரியப்படுகிறார்கள். அதனாலேயே நோய் வளர்ந்துவிட்டது.

ஈரோட்டிலிருந்து மெல்பர்னின் கிளேட்டனுக்கு மேற்படிப்புக்கு வந்த நாளிலேயே அறிகுறிகள் தெரிந்தன. அறைத்தோழிகள் "படம் நல்லா இருக்குமா?" என்று பேசுவார்கள். நான் "படம் ஓடுமா?" என்று பேசுவேன். இரண்டும் ஒரே கேள்வி என்று நினைப்பவர்களை இன்றும் நான் மன்னிப்பதில்லை. படிப்பு முடிந்து ஒரு காப்பீட்டு நிறுவனத்தில் வேலை கிடைத்தது. யார் வீட்டில் எப்போது தீப்பிடிக்கும், யார் கார் எப்போது மோதும் என்று முன்கூட்டியே ஊகிக்கும் வேலை. (சம்பளம் கொடுத்து நோயை வளர்த்தார்கள் என்று சொல்லலாம்.)

அதோடு நிற்காமல் 'வார இறுதி வசூல்' என்று ஒரு கைபேசிக் குரூப் ஆரம்பித்தேன். வெள்ளிக்கிழமை மத்தியானம் சாப்பாட்டு நேரத்தில் டிக்கெட் பதிவுத் தளத்தைத் திறப்பேன். இருக்கைப் படத்தில் எத்தனை கட்டம் நிறம் மாறியிருக்கிறது என்று பார்ப்பேன். பிறகு பள்ளி விடுமுறையா, கிரிக்கெட் இருக்கிறதா, மழையா, அன்றைக்கு எந்த மண்டபத்தில் யார் மகளுக்குச் சாமத்தியச் சடங்கு (எங்கள் ஊர் மஞ்சள் நீராட்டு விழாதான்; அது இருந்தால் ஊரில் பாதிப் பேர் பட்டுப்புடவையில் அங்கே போய்விடுவார்கள்) என்றெல்லாம் கூட்டிக் கழித்து, மாலையில் மெல்பர்ன் காட்சிகளுக்கு என் தீர்ப்பை வழங்குவேன். "சனி இரவு பாதி அரங்கு." "ஞாயிறு மத்தியானம் காற்று வாங்கலாம்." பெரும்பாலும் பலிக்கும். கைக்குழந்தை வைத்திருப்பவர்கள் என் வார்த்தையைப் பார்த்துத்தான் கிளம்புவார்கள். கூட்டம் என்று நான் சொன்னால் முன்வரிசையில் கழுத்தை ஒடித்துக்கொண்டு பார்க்க வேண்டாமென்று வீட்டிலேயே இருந்துவிடுவார்கள்.

தீர்ப்போடு ஒரு சினிமாப் புதிரும் போடுவேன். எந்தப் படத்தில் நாயகி அழுது முடிப்பதற்குள் பின்சுவர்க் காலண்டரில் மூன்று மாதம் ஓடிப்போகிறது, எந்தப் பாட்டில் நாயகனின் கைக்கடிகாரம் இடது கையிலிருந்து வலது கைக்குத் தாவுகிறது, இந்த மாதிரி உலகம் பிழைக்கத் தேவையான விஷயங்கள்.

என் கணவர் ஜெறோம் இதையெல்லாம் கண்டுகொள்ள மாட்டார். அவர் வீட்டார் இலங்கையின் மன்னாரிலிருந்து வந்தவர்கள், ரோவில் புறநகரில் எங்களுக்கு இரண்டு தெரு தள்ளி இருந்தார்கள். நான் இந்தியா, அதிலும் பிள்ளையார் கோயில்காரி. கல்யாணமான புதிதில் மாமிக்கு என்னிடம் என்ன பேசுவதென்று தெரியவில்லை, எனக்கும்தான். நான் 'நாற்காலி' என்றால் அவர் சிரிப்பார், அவர் 'கதிரை' என்றால் நான் விழிப்பேன். எங்கள் இருவரையும் சேர்த்துவைத்தது சினிமாதான். என் புதிர்களை மாமி ஒன்றுவிடாமல் படித்தார். "எங்கட பிள்ளைக்குத் தெரியாத படம் இல்லை" என்று கோயில் வாசலில் நாலு பேரிடம் சொன்னார். (அங்கே கோயில் என்றால் மாதா கோயில். அதுவும் எனக்குப் புரிய ஒரு மாதம் ஆனது.) மாமியாரின் வாயிலிருந்து அப்படி ஒரு சான்றிதழ் கிடைத்தபின் ஒரு மருமகள் எப்படித் திருந்துவாள்?

மாமா வேறு ரகம். டண்டினோங் பக்கம் கார் உதிரிப்பாகத் தொழிற்சாலையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். அதிகம் பேசமாட்டார். அவருடைய இளைய மகன் ஜூட் மருந்தாளர் படிப்பு முடித்து, நல்ல வேலையில் இருந்தவன், ஒருநாள் வேலையை விட்டுவிட்டு நடிக்கப் போகிறேன் என்று சென்னைக்குப் போனான். அன்றோடு மாமாவின் பேச்சு இன்னும் குறைந்தது. முடியாத காரியங்களை முடித்துவைக்கும் புனிதர் பெயரைத்தான் ஜூட்டுக்கு வைத்திருந்தார்கள். "பேர் வைக்கேக்கையே எனக்கு விளங்கியிருக்கோணும்" என்று மாமா ஒரே ஒரு தடவை சொன்னார். அதன்பின் மூன்று வருஷம் மகனுடன் நேரடியாக ஒரு வார்த்தை இல்லை. தொலைபேசியில் மாமி பேசிக்கொண்டிருக்கும்போது தூரத்திலிருந்து, "சாப்பிடுறானாமோ எண்டு கேள்" என்பார். அவ்வளவுதான்.

அந்த ஜூட்டுக்கு ஒரு படத்தில் வேடம் கிடைத்தது. படத்தின் பெயரைச் சொல்ல மாட்டேன், சொன்னாலும் உங்களுக்குத் தெரிந்திருக்காது. வில்லனுக்குப் பின்னால் நிற்கும் நாலு அடியாட்களில் மூன்றாவது ஆள். காய்கறிச் சந்தையில் நாயகனிடம் அடி வாங்கித் தக்காளிக் குவியலில் விழ வேண்டும். அதற்கு முன் ஒரு வசனம்: "அண்ணே, அவன் வந்துட்டான்!"

இந்த மூன்று சொற்களுக்கு நான்தான் பயிற்சியாளர். சென்னையிலிருந்து தினமும் அழைப்பான்.

"அண்ணை, அவன் வந்திட்டான்."

"அண்ணை இல்ல ஜூட், அண்ணே. வந்திட்டான் இல்ல, வந்துட்டான்."

"அண்ணே, அவன் வந்திட்டான்."

"பாதி தேறிட்ட. இன்னொரு தடவை."

ஒரு வாரத்தில் அவன் ஈரோட்டுக்காரன் ஆகிவிட்டான். எனக்கு ஏதோ நானே நடித்ததுபோல் பெருமை.

படம் மெல்பர்னில் ஒரே ஒரு வார இறுதிக்கு வெளியாவதாகச் செய்தி வந்தது. ஒரு நாளைக்கு ஒரு காட்சிதான். ஜூட் கடன் வாங்கியாவது வருகிறேன் என்று விமானம் ஏறிவிட்டான். மாமி ஞாயிறு நாலு மணிக் காட்சிக்கு எங்கள் ஐந்து பேருக்கும் டிக்கெட் எடுக்கச் சொன்னார். பிறகு மாமாவிடம் மெதுவாக, "நீங்களும் வாறியளோ?" என்றார்.

மாமா செய்தித்தாளிலிருந்து தலையைத் தூக்காமல், "வீட்டில இருந்து என்ன செய்யிறது" என்றார்.

மாமி சமையலறைக்குள் ஓடிவந்து என் கையைப் பிடித்துக்கொண்டார். "வாறாராம், பிள்ளை!"

வெள்ளிக்கிழமை மத்தியானம் வழக்கம்போல் இருக்கைப் படத்தைத் திறந்தேன். நடுவில் ஐந்து கட்டம் நிறம் மாறியிருந்தது. அது நாங்கள். மற்ற இடமெல்லாம் துடைத்துவைத்த தட்டு மாதிரி இருந்தது. தளத்தில் ஏதோ கோளாறு என்று நினைத்து மூடித் திறந்தேன். அதே ஐந்து. என் தொழில் அறிவு சொன்னது: ஞாயிற்றுக்கிழமைக்குள் இது ஐந்திலிருந்து ஒரு பதினைந்தாகலாம், அதுவும் மழை பெய்தால்.

அன்று இரவு மாமி வீட்டில் சாப்பாடு. ஜூட் வந்து இறங்கியிருந்தான், மெலிந்திருந்தான். மாமா அவனைப் பார்த்துத் தலையசைத்துவிட்டு, "அவனுக்கு மீன் வையும்" என்று மாமியிடம் சொன்னார். எல்லோரும் உட்கார்ந்ததும் மாமி என்னைக் கேட்டார்.

"பிள்ளை, நீ தானே சரியாச் சொல்லுவாய். ஞாயிற்றுக்கிழமை சனம் வருமோ?"

கேள்வி என்னிடம். ஆனால் பதிலுக்காக என்னைப் பார்த்தவர்கள் மூன்று பேர். மாமி, ஜூட், அப்புறம் மீன் முள்ளை எடுப்பதுபோல் பாவனை செய்துகொண்டு மாமா. ஜெறோம் மட்டும் சோற்றைப் பார்த்துக்கொண்டிருந்தார். மத்தியானமே அவரிடம் உண்மையைச் சொல்லியிருந்தேன்.

ஐந்து பேர் என்று எந்த வாயால் சொல்வது?

"ஹவுஸ்ஃபுல், மாமி" என்றேன்.

என் கணிப்பு வாழ்க்கையில் நான் தெரிந்தே சொன்ன முதல் பொய். மாமியின் முகத்தைப் பார்த்திருந்தால் நீங்களும் சொல்லியிருப்பீர்கள். ஜூட் நிமிர்ந்து உட்கார்ந்தான். மாமா முள்ளை ஓரமாக வைத்துவிட்டு, "உண்மையாவோ?" என்றார், நேராக என்னைப் பார்த்து. அவர் என்னிடம் கேட்ட முதல் சினிமாக் கேள்வி அது.

"ஆமா மாமா. முன்வரிசைகூட கிடைக்காது."

(ஒரு பொய் சொல்பவள் அதோடு நிறுத்திக்கொள்ள வேண்டும். எனக்கு அந்தக் கட்டுப்பாடு கிடையாது.)

"அப்ப ஏன் இன்னும் குரூப்பில போடேல்லை? போடு, போடு!" என்றார் மாமி. அவர் முன்னாலேயே தட்டச்சு செய்ய வேண்டியதாகிவிட்டது. "ஞாயிறு நாலு மணிக் காட்சி ஹவுஸ்ஃபுல்! இடம் பிடிப்பது கஷ்டம்!" பக்கத்தில் மூன்று தீச்சுவாலைப் பொம்மைகளும் போட்டேன். மாமி அதை அப்படியே எடுத்துச் சிட்னியில், வென்ட்வேர்த்விலில் இருக்கும் தன் அக்காவுக்கு அனுப்பினார். கோயில் குரூப்பிலும் போட்டார். அவர் எழுதியது: "எங்கட ஜூட்டின்ர படம். நிரம்பீட்டுதாம்."

அன்று இரவு படுக்கையில் எனக்கு ஒரு சமாதானம் தோன்றியது. கூட்டம் என்றால் கூட்டம் வரும். ஹவுஸ்ஃபுல் என்று கேள்விப்பட்டால் அப்படி என்ன படம் என்று பத்துப் பேராவது ஓடிவர மாட்டார்களா? ஜெறோமிடம் சொன்னேன். அவர் திரும்பிப் படுத்துக்கொண்டு, "நீர் கெட்டிக்காரிதான்" என்றார். அதைப் பாராட்டாக எடுத்துக்கொண்டேன்.

ஞாயிற்றுக்கிழமை மாமி பட்டுச் சேலை கட்டினார். மாமா கோயிலுக்குப் போடும் கோட்டுப் போட்டார். ஜூட் புதுச் சட்டை. வெளிச் சாப்பாட்டுக்கு அரங்கில் அனுமதியில்லை என்பதால், மாமி செய்த மீன் பற்றிஸ் (உள்ளே மீன் வைத்துப் பொரித்த சோமாசி மாதிரி) நிறைந்த கனமான டப்பாவை என் கைப்பையில் ஒளித்துவைத்தோம். "வாற சொந்தக்காரர் எல்லாருக்கும் குடுக்க வேணும்" என்று நிறையச் செய்திருந்தார்.

அரங்கு வாசலில் யாருமில்லை. "எல்லாரும் நேரத்துக்கே உள்ளுக்குப் போட்டினம்" என்றார் மாமி. உள்ளே போனோம்.

ஒரு பெரிய அரங்கு காலியாக இருப்பதை நீங்கள் பார்த்திருப்பீர்கள். ஆனால் பட்டுச் சேலை கட்டிய மாமியாரோடு பார்த்திருக்க மாட்டீர்கள். மாமி படியில் நின்று ஒவ்வொரு வரிசையாகப் பார்த்தார். யாராவது குனிந்து செருப்புத் தேடுகிறார்களோ என்று நினைத்ததுபோல் இருந்தது.

"ஒருத்தரையும் காணேல்லை" என்றார்.

"விளம்பரம் ஓடுற நேரம் மாமி. எல்லாரும் லேட்டாத்தான் வருவாங்க" என்றேன் நான். குரல் எனக்கே கேட்கவில்லை.

ஒருவர் வந்தார். கையில் பெரிய பாப்கார்ன் வாளியோடு ஒரு வெள்ளைக்கார மூதாட்டி. அரங்கு மாறி வந்துவிட்டார் என்பது பார்த்தவுடன் தெரிந்தது. டிக்கெட்டைப் பார்த்து, திரையைப் பார்த்து, திரும்பப் போனார். மாமி விடவில்லை. படியில் மறித்து, ஜூட்டைக் காட்டி, "மை சன். ஆக்டர். சிட், சிட்" என்றார். அந்த அம்மாள் பெயர் மார்கரெட். வேறு யாராக இருந்தாலும் ஓடியிருப்பார். இவர் நல்லவர், உட்கார்ந்துவிட்டார். நாங்கள் ஆறு பேரானோம்.

படம் தொடங்கியது. ஜூட் என் பக்கத்தில் அசையாமல் இருந்தான். மாமா அவனுக்கு அந்தப் பக்கம். என் கைபேசி பைக்குள் அதிர்ந்துகொண்டே இருந்தது. அதன் வெளிச்சத்தைக் குறைத்து எட்டிப் பார்த்தேன். குரூப்பில் பிருந்தா என்ற என் பேருக்கு வரிசையாகச் செய்திகள். "பிருந்தா அக்கா சொன்னா சரியாத்தான் இருக்கும், அதான் நாங்க கிளம்பல." "கூட்டத்துல குழந்தைய வெச்சுட்டு எதுக்கு? போன்ல வரட்டும் பாத்துக்கலாம்." "நிரம்பீட்டுது எண்டதால நாங்கள் பீச்சுக்கு வந்திட்டம்." சாமத்தியச் சடங்கையும் கிரிக்கெட்டையும் கணக்கில் எடுத்த நான், என்னைக் கணக்கில் எடுக்கவில்லை.

ஒரு மணி நேரம் போயிருக்கும். மாமா நெளிந்தார். அவருக்குச் சர்க்கரை உண்டு, நெடுநேரம் உட்கார முடியாது. என்னிடம் குனிந்து, "பிள்ளை, இவன்ர கட்டம் எப்ப வரும்?" என்று கேட்டார். ஜூட்டுக்கே தெரியாது. எடுத்த வரிசை வேறு, வெட்டி ஒட்டிய வரிசை வேறு. ஆனால் பக்கத்தில்தான் நிபுணர் இருக்கிறாரே.

"அடியாளுங்க சண்டையெல்லாம் செகண்ட் ஹாஃப்லதான் மாமா வரும். இப்ப போயிட்டு வந்துடுங்க."

மாமா எழுந்து போனார். கதவு மூடியது. திரையில் காய்கறிச் சந்தை.

மாமி என் தொடையைப் பிடித்தார். வில்லன், அவனுக்குப் பின்னால் நாலு பேர், மூன்றாவதாக ஜூட். சிவப்புப் பனியன். அவன் முன்னால் ஓடிவந்து வாயைத் திறந்தான். "அண்ணே, அவன் வந்துட்டான்!" என்று கேட்டது, ஆனால் அது ஜூட்டின் குரல் இல்லை. கரகரவென்று யாரோ ஒருவரின் குரல். குரலை மாற்றிவிட்டார்கள். அடுத்த நொடி நாயகன் ஒரு வாழைத்தாரைச் சுழற்றினான், ஜூட் பறந்தான், தக்காளி சிதறியது. முடிந்தது. மார்கரெட் மட்டும் "ஓ!" என்றார்.

ஜூட்டைத் திரும்பிப் பார்த்தேன். திரையைப் பார்த்தபடியே சின்னக் குரலில், "அது நான் இல்லை, அண்ணி" என்றான்.

ஒரு வாரம் சொல்லிக்கொடுத்தது வீணானதுகூடப் பரவாயில்லை. அவன் அப்பா அதைக்கூடக் கேட்கவில்லையே.

மாமா திரும்பி வர வெகுநேரம் ஆனது. கதவு திறந்தபோதுதான் காரணம் தெரிந்தது. இரண்டு கையிலும் சேர்த்து ஐந்து சாக்லேட் ஐஸ்கிரீம் கூம்புகளை நெஞ்சோடு அணைத்துப் பிடித்துக்கொண்டு, இருட்டில் ஒவ்வொரு படியாகக் காலால் தடவி ஏறி வந்தார். கோட்டில் உருகி வழிந்திருந்தது. எங்களுக்கும் மார்கரெட்டுக்கும் கொடுத்துவிட்டுக் கடைசிக் கூம்பை ஜூட்டிடம் நீட்டி, "இந்தா" என்றார். மூன்று வருஷத்தில் மகனிடம் நேராகச் சொன்ன முதல் சொல். பிறகு உட்கார்ந்து, "இன்னும் வரேல்லைத்தானே?" என்று கேட்டார்.

நாங்கள் நாலு பேரும் ஐஸ்கிரீமைச் சாப்பிட்டோம்.

திரையில் 'இடைவேளை' என்று வந்தது. இங்கே அது வெறும் எழுத்துதான், விளக்குப் போடமாட்டார்கள், படம் அப்படியே ஓடும். மாமா நிமிர்ந்து உட்கார்ந்துகொண்டார். "இனித்தான், என்ன?" என்றார். அதற்குப் பின் வந்த ஒவ்வொரு சண்டையிலும் முன்னால் சாய்ந்தார். "இதிலையோ?" இல்லை. "இதோ, இந்தச் சிவப்புச் சட்டையோ?" இல்லை. ஒரு கட்டத்தில் கல்யாண ஊர்வலம் வந்தபோதுகூடக் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு தேடினார். என் வாழ்க்கையில் அவ்வளவு நீளமான படத்தை நான் பார்த்ததில்லை.

படம் முடிந்து பெயர்கள் ஓடத் தொடங்கின. மாமா எழுந்திருக்கவில்லை. கடைசி எழுத்துவரை படித்தார்.

"எங்க இவன்ர பேர்?"

ஜூட் மெதுவாக, "'மற்றும் பலர்' எண்டு வந்ததல்லோ அப்பா, அதுக்குள்ள இருக்கிறன்" என்றான்.

"கட்டம் எங்க? வெட்டிப்போட்டாங்களோ?"

விளக்கு எரிந்தது. அந்த நேரம் பார்த்து மாமியின் கைபேசி ஒலித்தது. வென்ட்வேர்த்வில் அக்கா. மாமிக்கு எப்போதும் ஒலிபெருக்கியில்தான் பேசத் தெரியும்.

"என்னடி, படம் எப்பிடி? நாங்கள் நேற்றே அங்க வரக் காரில வெளிக்கிட்டு நிண்டனாங்கள். உன்ர மருமகள் இடமில்லை எண்டு போட்டதால திரும்பி இறங்கீட்டம்."

காலி அரங்கில் அந்தக் குரல் ஒவ்வொரு இருக்கையையும் தொட்டுவிட்டு வந்தது. மாமி "பிறகு எடுக்கிறன்" என்று வைத்தார். எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். நான் அழுதுவிட்டேன். எல்லாவற்றையும் சொன்னேன். இருக்கைப் படத்தில் ஐந்தே ஐந்து இருந்ததை, தெரிந்தே பொய் சொன்னதை, மாமாவைத் தப்பான நேரத்தில் வெளியே அனுப்பியதை. "காட்சி வந்துடுச்சு மாமா. நீங்க ஐஸ்கிரீம் வாங்கப் போனப்ப."

மாமா கோட்டில் இருந்த கறையைப் பார்த்தார். நெடுநேரம் பார்த்தார். பிறகு ஜூட்டிடம் சொன்னார்:

"செய்து காட்டு."

"என்னப்பா?"

"நீ செய்ததைச் செய்து காட்டு. இஞ்சை."

"இஞ்சையோ? ஆக்கள்..."

"எங்க ஆக்கள்?" என்றார் மாமா.

கூட்டுவதற்குத் துடைப்பத்தோடு வந்த பெண்ணிடம் ஜெறோம் போய் ஏதோ சொன்னார். அவள் தோளைக் குலுக்கிவிட்டுச் சுவரோரம் சாய்ந்துகொண்டாள். மார்கரெட் பாப்கார்னோடு நன்றாகச் சாய்ந்து உட்கார்ந்தார், இன்னொரு படம் இலவசம் என்று நினைத்தாரோ என்னவோ. ஜூட் திரைக்கு முன்னால் போய் நின்றான். ஜெறோம் வில்லன். நாயகன் வேஷத்துக்கு ஆளில்லை.

"அண்ணி, வாங்கோ" என்றான் ஜூட். "நீங்கள்தான் அடிக்கோணும். கையில இருக்கிறதைச் சும்மா சுத்துங்கோ, நான் தானே விழுவன்."

கையில் இருந்தது கைப்பை. (அதற்குள் என்ன இருந்தது என்பதை அந்த உணர்ச்சிகரமான நிலையில் நான் மறந்துபோனேன். காப்பீட்டு நிறுவனம் எனக்கு எதற்குச் சம்பளம் தருகிறது என்று கேட்காதீர்கள்.)

ஜூட் ஓரத்திலிருந்து ஓடிவந்தான். முகம் மாறியிருந்தது. எங்கள் வீட்டு ஜூட் இல்லை. உயிருக்குப் பயந்த ஒருவன் அண்ணனைப் பார்த்துக் கத்தினான், மைக் இல்லாமல், அவன் சொந்தக் குரலில், அவன் சொந்த ஊர்ப் பேச்சில்.

"அண்ணை! அவன் வந்திட்டான்!"

நிஜமாகவே நாயகனாகிவிட்டேன். பையைச் சுழற்றினேன்.

'டங்' என்று ஒரு சத்தம். ஐம்பது மீன் பற்றிஸும் இரும்பு மாதிரி டப்பாவும் ஜூட்டின் மூக்கில் இறங்கிய சத்தம். அவன் தக்காளிக் குவியலில் விழ வேண்டியவன், கம்பளத்தில் விழுந்தான். மூக்கிலிருந்து இரத்தம். மார்கரெட் எழுந்து நின்று கைதட்டினார். துடைப்பக்காரப் பெண்ணும் தட்டினாள். மாமி "ஐயோ மாதாவே!" என்று கத்தினார். நான் பையோடு அப்படியே நின்றேன்.

எப்போதும் படியிறங்கக் கைப்பிடி தேடும் மாமா, எப்படி இறங்கினார் என்று நாங்கள் பார்க்கவில்லை. பார்த்தபோது தரையில் உட்கார்ந்திருந்தார். ஜூட்டின் தலை அவர் மடியில். ஐஸ்கிரீம் சுற்றிவந்த காகிதத்தால் மூக்கை அழுத்திப் பிடித்திருந்தார்.

"நோகுதோ?"

"இல்லை அப்பா."

"சினிமாவில இப்பிடித்தான் அடிக்கிறவங்களோ?"

"இவ்வளவு இல்லை" என்றான் ஜூட், என்னைப் பார்த்து. சிரிக்கப் பார்த்தான், முடியவில்லை. "ஆனா அந்தத் தக்காளிக்க மூண்டு நாள் விழுந்தனான். முதுகு நொந்தது."

"ஏன் சொல்லேல்லை?"

மாமா காகிதத்தை மாற்றிப் பிடித்தார்.

"நல்லாக் கத்தினனி" என்றார். "எனக்குப் பயம் வந்திட்டுது."

பக்கத்து மருந்துக்கடையில் பஞ்சு வாங்கி (மூக்கில் எப்படி வைக்க வேண்டும் என்று மருந்தாளரான நோயாளியே சொல்லித்தந்தான்), வாகன நிறுத்தத்தில் நின்று நசுங்கிய பற்றிஸ்களைச் சாப்பிட்டோம். மார்கரெட்டுக்கும் இரண்டு. அவர் விடைபெறும்போது மாமியிடம், இத்தனை வருஷத்தில் தான் பார்த்த படங்களில் நடிகர்கள் கீழே இறங்கி வந்து நடித்தது இதுதான் முதல் தடவை என்று சொல்லிவிட்டுப் போனார்.

நான் மாமியிடம் மன்னிப்புக் கேட்டேன். அவர் என் கன்னத்தில் ஒட்டியிருந்த எதையோ துடைத்துவிட்டு, "நீ சொன்ன அண்டைக்கு எனக்கு எவ்வளவு சந்தோசம், தெரியுமோ? இரண்டு நாள் இருந்தது. காணும், அது போதும்" என்றார்.

வீட்டுக்கு வந்ததும் ஜூட் பசிக்கிறதென்று குளிர்பெட்டியைத் திறந்தான். எல்லா மீனும் பற்றிஸுக்குப் போய்விட்டதால் உள்ளே ஒன்றுமே இல்லை. மூக்கில் பஞ்சோடு திரும்பிப் பார்த்து, "அம்மா, ஹவுஸ்ஃபுல்" என்றான்.

முதலில் சிரித்தது மாமா.

அன்றிலிருந்து எங்கள் குடும்பத்தில் ஒன்றுமில்லை என்பதற்கு ஹவுஸ்ஃபுல் என்றுதான் பெயர். காரில் பெட்ரோல் தீர்ந்தால் ஹவுஸ்ஃபுல். மாமா கோயிலிலிருந்து வந்து, "இண்டைக்குப் பூசை ஹவுஸ்ஃபுல், சுவாமியாரும் நாலு பேரும்" என்பார். என் குரூப்பில் இப்போது புதிர் மட்டும் போடுகிறேன். சிலர் இன்னமும் தனியாகக் கணிப்புக் கேட்கிறார்கள். கேட்டுவிட்டு அதற்கு நேர்மாறாகச் செய்வதாகக் கேள்வி.

போன மாதம் ஜூட் சென்னையிலிருந்து பேசினான். வழக்கம்போல் மாமியின் ஒலிபெருக்கி. ஊர்க்கதை, காலநிலை எல்லாம் முடிந்து மாமி கேட்டார்: "இப்ப கையில படம் ஏதும் இருக்கோ, தம்பி?"

"ஹவுஸ்ஃபுல், அம்மா" என்றான்.

மாமி என்னைப் பார்த்தார். மாமா கையை நீட்டித் தொலைபேசியை வாங்கிக்கொண்டார். இப்போதெல்லாம் அவர்தான் அதிகம் பேசுவது.

"சாப்பாடு?"

"அதுவும் ஹவுஸ்ஃபுல்தான் அப்பா" என்று ஜூட் சிரித்தான்.

மாமா சிரிக்கவில்லை. "சரி, வை. பிறகு எடுக்கிறன்" என்று வைத்துவிட்டு என் பக்கம் திரும்பினார்.

"பிள்ளை, நீ உந்த இருக்கைப் படம் பாக்கிறனியல்லோ. சென்னைக்குப் போற பிளேனிலயும் அப்பிடிப் பாக்கலாமோ?"

பார்த்தேன். அடுத்த செவ்வாய்க்கிழமை விமானத்தில் வரிசை வரிசையாக இடம் கிடந்தது.

"ஹவுஸ்ஃபுல், மாமா" என்றேன்.

மாமா எழுந்து பெட்டியை எடுக்கப் போனார்.